கயிறு தெரியாத கப்பல்

டிசம்பரில் பாரோத் தீவுகளில்
மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கிறது என்று
நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.
பார்துர் வடக்கே எங்கோ
வலை இழுத்துக்கொண்டிருக்கிறான்.
இன்னும் பத்தொன்பது நாள்.

இரவில் கட்டிலருகே முழங்காலிடுகிறேன்.
ஆண்டவரே, அவரைக் காத்தருளும்,
படகைக் காத்தருளும்,
காற்றைக் கொஞ்சம் தணியும்.

போர்வையைத் தாடைவரை இழுத்துக்கொண்டு
எய்தூன் கேட்டான்:
"நேத்தே சொன்னோமே.
அவருக்குக் காது கேட்காதா?"

பல் தேய்த்தாயா என்று கேட்டேன்.
வேறென்ன சொல்வது.

ஐந்து வயது அவனுக்கு.
அப்பா கிளம்பிய அன்று ஒரே ஒருமுறை சொன்னான்,
"பாத்துக்கோங்க" என்று.
அதோடு சரி.
சக்கரம் கழன்ற டிராக்டரையும் அப்படித்தான்
சமையலறை மேசையில் வைத்துவிட்டு
விளையாடப் போய்விடுவான்.
யாரோ ஒட்டுவார்கள்.
பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

நானோ வைத்ததைத் திரும்ப எடுப்பவள்.
ஆமென் சொன்ன வாய் மூடுமுன்
கடல் வானிலை பார்க்கிறேன்.
அலை ஆறு மீட்டர், ஏழு மீட்டர்,
மறுபடி முழங்கால்.
இத்தனை வருடம் ஜெபம் என்று நினைத்திருந்ததில்
பாதி, மேற்பார்வை.

ஒருமுறை போதும் என்று
அவனிடம் கற்றுக்கொண்டிருப்பேன்,
பெயின்டா இல்லாவிட்டால்.

இரண்டரை வயது.
ஒவ்வொரு இரவும் அதே கதை,
தொண்ணூற்றொன்பதை விட்டு
ஒன்றைத் தேடிப் போனவர் கதை.
மனிதரைவிட ஆடு அதிகமான ஊர் இது.
பாறை விளிம்பில் நின்று கத்தும் ஆட்டின் குரல்
அவளுக்குத் தெரியும்.
முடித்ததும் "மறுபடியும்" என்பாள்.
முடித்ததும் "மறுபடியும்."

ஒருநாள் தூக்கக் கலக்கத்தில்
இரண்டு பக்கம் சேர்த்துத் தள்ளி
நேரே தோளில் ஆட்டோடு அவரை
வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.
எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.
"தேடவே இல்லையே!"

வெட்கமாக இருந்தது.
பக்கத்தைத் திருப்பி
முள்ளிலும் மூடுபனியிலும்
அவரை நடக்க விட்டேன்.

ஞாயிறு காலை, கையுறை ஒன்றைக் காணோம்,
இந்த மாதம் மூன்றாவது.
கஞ்சி தரையில்.
நான் கத்திய கத்தலில்
எய்தூன் காலணியை இடவலம் மாற்றிப் போட்டுக்கொண்டு
வாய் திறக்காமல் ஆலயம்வரை நடந்தான்.

உத்தரத்திலிருந்து தொங்குகிறது
எங்கள் ஆலயத்தில் ஒரு சிறிய மரக்கப்பல்.
கரை திரும்பியவர்கள் என்றோ செய்து வைத்தது.
முதல் பாட்டு முடிவதற்குள் கோபம் மறந்து
என் காதில் கேட்டான்,
"ஏன் விழல?"
கயிறு இருக்கிறது.
அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான்.
"கயிறு தெரியல."
பிறகு, யோசித்து,
"ஆனா விழல."

நற்கருணைக்குப் போனபோது
பெயின்டாவும் என்னோடு மண்டியிட்டாள்.
உள்ளங்கையை நீட்டினாள்.
போதகர் தலைமேல் கைவைத்து ஆசீர்வதித்து
அடுத்தவரிடம் போய்விட்டார்.
அவள் கையை மடக்கவில்லை.
ஒன்றுமில்லாத கையை
எதுவோ இருப்பதுபோலவே ஏந்தி
இருக்கைவரை நடந்து வந்து
என் கோட்டுப் பைக்குள் விட்டாள்.
பழைய பிஸ்கட் துண்டொன்று கிடைத்தது.
பாதியைக் கடித்துவிட்டு
மீதியை என் வாயில் திணித்தாள்,
காலையில் கத்திய அதே வாயில்.

நூலும் தூசியும் ஒட்டியிருந்தது.
விழுங்கினேன்.

இன்றிரவு காற்று தெற்கிலிருந்து.
எவ்வளவு என்று பார்க்கவில்லை.
பார்க்கவில்லை என்பது பொய்,
ஒருமுறைதான் பார்த்தேன்.
எய்தூன் தூங்கிவிட்டான்,
கேட்டது கேட்டாயிற்று என்ற முகத்தோடு.
சொன்னதையே சொல்வதா,
சும்மா இருப்பதா என்று தெரியாமல்
கட்டிலருகே முழங்காலிட்டிருந்தேன்.

இருட்டுக்குள்ளிருந்து பெயின்டா:
"மறுபடியும்."

கதையைக் கேட்டாளா
ஜெபத்தைக் கேட்டாளா தெரியவில்லை.
தேடுகிற இடத்திலிருந்து
ஆரம்பித்தேன்.